மரக்காணத்தில் ஒரு டேப் மெஷினும் என் முன்னாள் மச்சானும்

அந்த வேலைக்குப் போகும்போது அங்கே என் மனைவியின் தம்பி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். முன்னாள் மனைவி என்று சொல்ல வேண்டும். நானும் அவளும் சட்டப்படி பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் அவளோடு இருந்தாள். அவளுடைய தம்பியை நான் கடைசியாகப் பார்த்தது கோர்ட் வாசலில். அன்று அவன் என்னிடம் பேசவில்லை. என் பைக்கின் கண்ணாடியைத் திருகி உடைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் சென்னையில் ஒலிப்பதிவு ஸ்டுடியோக்களின் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். மரக்காணத்திலிருந்து போன் செய்தவர் உப்பளம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அப்பாவின் பழைய உப்புக் கிடங்கை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார். இப்போது மறுபடியும் டேப்பில் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். குயிலாப்பாளையம் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் தங்கிப் பாட்டு எழுதும் வெள்ளைக்காரர்கள், புதுச்சேரிக் குழுக்கள், சில நேரம் சென்னைக்காரர்கள். அவர்களை நம்பி எங்கேயோ மூடிப்போன ஸ்டுடியோவிலிருந்து ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் பெரிய மிக்ஸிங் கன்சோல் ஒன்றையும், இருபத்துநான்கு தடங்கள் உள்ள டேப் மெஷின் ஒன்றையும் வாங்கிப் போட்டிருந்தார்.

“கன்சோல்ல ப்ளே, ஸ்டாப், ரெகார்ட் பட்டன் எல்லாம் இருக்குது. எதுவும் மெஷினோட பேசல,” என்றார். “ஒவ்வொரு தடவையும் பக்கத்து ரூம்ல இருக்கிற ஆபரேட்டர்கிட்ட, ஓட்டுப்பா, நிறுத்துப்பான்னு சொல்ல வேண்டியதா இருக்குது. நான் உக்காந்த இடத்துல இருந்தே மெஷினை ஓட்டணும். முடியுமா?”

முடியும் என்றேன். அது நான் பல தடவை செய்த வேலைதான். கன்சோலிலிருந்து மெஷினுக்கு ஒரு கேபிள். ஒவ்வொரு பட்டனுக்கும் அதில் ஒரு கம்பி. அந்த மெஷின் எந்த மாதிரிக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் என்று பார்த்து, கன்சோலுக்குள் இருக்கும் கார்டில் சின்னச் சின்ன ஸ்விட்சுகளை மாற்றி வைக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும்.

சித்திரை வெயிலில் போய் இறங்கினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையின் இரண்டு பக்கமும் பாத்திகள். உப்புக் குவியல்கள் கண்ணைத் திறக்கவிடவில்லை. கூடை சுமந்து வந்த பெண்கள் என் ஆட்டோவுக்கு வழிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து என் முகத்தைப் பார்த்து, “இன்னொருத்தன் வர்றான்,” என்று மற்றவர்களிடம் சொன்னாள். அவள் குரலில் வரவேற்பு இல்லை. அந்தக் கிடங்கில் முன்பு அவர்கள் மதியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். ஸ்டுடியோ ஆன பிறகு அவர்களை உள்ளே விடுவதில்லை. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

உரிமையாளர் கையைக்கூட நீட்டவில்லை. “லேட்டாயிடுச்சு,” என்றார். உள்ளே அழைத்துப் போனார். கண்ட்ரோல் ரூமில் கன்சோல் நீளமாகக் கிடந்தது. பின்சுவருக்கு அப்பால் சின்ன அறை ஒன்றில் டேப் மெஷின். மோட்டார் சத்தமும் சூடும் கண்ட்ரோல் ரூமுக்கு வரக்கூடாது என்பதற்காகத் தனி அறை, தனி ஏசி. அந்த அறைக் கதவைத் திறந்தபோது, மெஷினின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

அவன்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். பஞ்சைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தான்.

“இவருதான் ஆபரேட்டர்,” என்றார் உரிமையாளர். “உங்களுக்கு என்ன வேணுமோ இவரைக் கேளுங்க.”

“வாங்க சார்,” என்றான் அவன்.

என் கல்யாணத்தன்று ஆரம்பித்து அவன் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டுவந்தான். எங்கள் வீட்டில்தான் தங்கி ஆம்ப்ளிஃபையர் கடை ஒன்றில் வேலைக்குப் போனான். அதே ஆள் சொன்ன அந்த ‘சார்’ எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. உரிமையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இருவரும் சொல்லவும் இல்லை.

முதல் வேலை, மெஷினின் பின்பக்கம் இருக்கும் பெரிய கனெக்டரைப் பார்ப்பது. ஊசிகளில் பச்சை ஏறியிருந்தது. அங்கே எதை எடுத்தாலும் அப்படித்தான். கடல் காற்றும் உப்புத் தூசும் கதவிடுக்கில் புகுந்து, சுவரின் பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் தரையில் படுத்து ஊசிகளைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது அவன் ஸ்டூலை நகர்த்தவில்லை. ஸ்டூலின் கால் என் தோளில் இடித்தது.

“கொஞ்சம் தள்ளிக்கோ,” என்றேன்.

“என் இடம் சார் இது. நீங்கதான் வந்து படுத்திருக்கீங்க.”

அவனுடைய கால்களுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டுதான் அன்று வேலை செய்தேன். மெஷினின் சர்க்யூட் படம் எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றான். அது அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் மேல், திண்டு மாதிரி மடித்துப் போட்டிருந்தது. எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்தான். அதை எடுத்து என் மேல் போட்டான்.

சாப்பாடு அங்கேயே. சமைக்கிற அம்மா எங்களுக்கு ஒரே மேசையில் தட்டு வைத்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே டேப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டான். “ஏம்பா, உள்ள ஃபேன் இருக்குதே,” என்றாள் அந்த அம்மா. “உள்ள நாத்தம் அடிக்குது,” என்றான். அவள் குழம்புச் சட்டியை முகர்ந்து பார்த்தாள்.

கேபிளைத் தரைக்குழாய் வழியாக இழுத்துக் கட்டி முடித்ததும் சோதனை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் கன்சோலில் உட்கார்ந்து பட்டனை அழுத்துவேன். மெஷின் அறையில் இருப்பவன் என்ன நடந்தது என்று இன்டர்காமில் சொல்ல வேண்டும். பட்டன்களுக்குள் சின்ன விளக்குகள் உண்டு. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அதிலிருந்து மின்சாரம் திரும்பி வந்து விளக்கை எரிய வைக்கும். ஆனால் அந்த மெஷினின் வோல்ட்டேஜ் கன்சோல் விளக்குகளுக்கு அதிகம். இடையில் அதைக் குறைக்க ரெசிஸ்டர் போட வேண்டும். அதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதனால் அதுவரை எனக்கு அவன் வாய்தான் விளக்கு.

“ஸ்டாப்,” என்று சொல்லி அழுத்தினேன்.

“வந்துச்சு.”

“ரீவைண்ட்.”

“முன்னாடி ஓடுது.”

இரண்டு கம்பிகள் மாறியிருந்தன. மாற்றிப் போட்டேன். ரீவைண்ட் சரியாக வந்தது. ஃபார்வர்டும் வந்தது.

“ப்ளே.”

“வரல.”

மறுபடியும் அழுத்தினேன். வரல. கன்சோலுக்கு அடியில் புகுந்து கார்டை வெளியே எடுத்தேன். பட்டனை அழுத்தியதும் கன்சோல் ஒரு துடிப்பை மட்டும் அனுப்ப வேண்டுமா, விரலை எடுக்கும்வரை விடாமல் அனுப்ப வேண்டுமா என்பதற்கு அதில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை மாற்றிப் பார்த்தேன். வரல என்றான். பழையபடி வைத்தேன். வரல. கேபிளின் இரண்டு முனைகளையும் அவிழ்த்துத் திரும்பச் சால்டர் வைத்தேன். மீட்டரால் ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ப்ளே மட்டும் வரல. மெஷின் பக்கத்தில்தான் கோளாறு என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், அவன் மெஷினிலேயே இருக்கும் பட்டனை அழுத்திக் காட்டினான். டேப் அழகாக ஓடியது.

“மெஷின் நல்லாத்தான் சார் இருக்குது. உங்க வேலைதான் சரியில்ல.”

இது மறுநாளும் தொடர்ந்தது. உரிமையாளர் பின்னால் வந்து வந்து நின்றார். “ஒரு பட்டனுக்கா இவ்வளவு நேரம்?” என்றார். வார இறுதியில் ஒரு பாட்டுக் குழு வருவதாக இருந்தது. “சென்னையில பெரிய ஆளுன்னு சொன்னாங்க,” என்று யாரிடமோ போனில் என் காது கேட்கவே பேசினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், கை சால்டர் நாற்றத்தோடு, கன்சோலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது.

உண்மை தெரிந்தது தற்செயலாக. கன்சோலுக்கு அடியிலிருந்து எழும்போது என் முழங்கை பட்டு, ஸ்பீக்கர் வால்யூம் முழுவதும் ஏறிவிட்டது. அதைக் கவனிக்காமல் இன்டர்காமில் “ப்ளே” என்று சொல்லி அழுத்தினேன். ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஒன்று எழுந்தது. வெற்று டேப் ஹெட்டின் மேல் ஓடும்போது வரும் இரைச்சல். தூரத்தில் மழை பெய்வது போல இருக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அது தெரியும்.

“வரல,” என்றது இன்டர்காம்.

ஸ்டாப்பை அழுத்தினேன். இரைச்சல் அடங்கியது. ப்ளே அழுத்தினேன். எழுந்தது.

“வரல சார்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லு.”

“பார்த்துட்டுத்தான் சொல்றேன். வரல.”

நான் உடனே எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் டேப் ஓடும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்க, அவன் சலிக்காமல் வரல வரல என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு விதமான நிம்மதி. என் வேலை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

ப்ளேயை அழுத்திவிட்டு, நிறுத்தாமல் எழுந்து போய் மெஷின் அறைக் கதவைத் திறந்தேன். இரண்டு ரீல்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் அவற்றின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வரலையா?” என்றேன்.

“வந்துடுச்சு போல.”

“எத்தனை நேரமா வருது?”

“முதல்ல இருந்தே.”

கழுத்தைப் பிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். “உங்க அக்கா விஷயத்துல என் மேல இருக்கிற கோபத்தை என் வேலையில காட்டறியா? நான் ரெண்டு நாளாத் தரையில உருள்றேன், நீ உக்காந்து வேடிக்கை பாக்குற. வெக்கமா இல்ல?”

“எங்க அக்கா பேச்சை எடுக்காதீங்க.”

“எடுப்பேன். என்னோட எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினா.”

அவன் எழுந்தான். ஸ்டூல் சாய்ந்தது. “யோவ், பாப்பாவுக்குக் காது குத்தினீங்களே, யார் மடியில உக்காரவச்சுக் குத்தினீங்க? தாய்மாமன் நான் உயிரோட இருக்கிறேன். நகைக்கடையில கொண்டு போய், ஏதோ மெஷின் வச்சு, ஆட்டுக்குக் குத்துற மாதிரி குத்திட்டு வந்தீங்க. எங்க அம்மா அந்தச் சேதி கேட்டு எப்படி அழுதுச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“எனக்கே அப்புறம்தான் சொன்னா. நானும் அங்க இல்ல.”

“பொய்.”

“கேட்டுப் பாரு அவகிட்ட.”

“கேட்க முடிஞ்சா நான் ஏன் உன்கிட்ட கேட்கிறேன்? அவ என் போனை எடுக்கிறதில்ல.”

எனக்கு அது புதுச் செய்தி. அவள் தம்பியோடும் பேசுவதில்லை என்று அவள் என்னிடம் சொன்னதில்லை. விவாகரத்து வேண்டும் என்று அவள் நின்றபோது, அம்மா வீட்டுக்கு வராதே என்று இவன் சொல்லியிருக்கிறான். அவளும் இவன் சொன்னபடியே வராமல் இருந்துவிட்டாள். அந்தக் கணக்கையும் இவன் என் பேரில் எழுதியிருந்தான். இதெல்லாம் அவன் அப்போது கத்தியதிலிருந்து நான் கோர்த்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ரீல்கள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியில் டேப் முடிந்து, நுனி பட் பட்டென்று அடித்தது. அவன்தான் கை நீட்டி ரீலை நிறுத்தினான்.

நிறுத்திய பிறகு அவன் குரல் இறங்கியது. “ஆனா நான் பொய் சொன்னது அதுக்காக இல்ல. உன் மேல இருக்கிற கோபத்துக்கு நான் ஏன் மெஷினை வச்சு விளையாடணும்? அந்த ஆளு உன்ன எதுக்குக் கூப்பிட்டான்னு உனக்குத் தெரியாதா?”

“கன்சோல்ல இருந்து மெஷினை ஓட்ட.”

“ஓட்டினா அப்புறம் இந்த ரூம்ல எனக்கு என்ன வேலை?”

எனக்கு அது தோன்றவே இல்லை. எத்தனையோ ஸ்டுடியோக்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். எங்கேயும் ஆபரேட்டர் இருப்பான், பட்டன் அவனுடைய சுமையைக் குறைக்கும், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை.

“இந்த ஆள் தெரிஞ்சவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டான்,” என்றான். “சமைக்கிற அம்மாவுக்கே தெரியும். எனக்கு மட்டும் நேர்ல சொல்லல. நீ பட்டனைக் கட்டி முடிச்சா நான் பையைக் கட்டணும்.”

அன்று சாயங்காலம் உரிமையாளர் வெளியே நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பாத்திகளில் வேலை முடிந்து ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

“ப்ளே வந்துடுச்சு,” என்றேன்.

“அப்பாடா. என்ன பிரச்சனையாம்?”

“கனெக்டர்ல துரு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவனைக் காப்பாற்ற இல்லை. இந்த மனிதருக்கு அவனைத் திட்டுகிற சந்தோஷத்தை நான் கொண்டுவந்து கொடுக்க விரும்பவில்லை. அவ்வளவுதான். பிறகு கேட்டேன். “இது முடிஞ்சா ஆபரேட்டரை அனுப்பிடப் போறீங்களா?”

“அவன் சொன்னானா?” டீயை உறிஞ்சினார். “பட்டன் அழுத்தறதுக்கு ஒரு ஆளு, சம்பளம், சாப்பாடு. எதுக்குங்க? என்னால அழுத்த முடியாதா?”

“அவன் பட்டன் மட்டும் அழுத்தல. ஹெட்டைத் துடைக்கணும். டேப் மாட்டணும். அடிக்கடி லெவல் சரிபார்க்கணும். இந்தக் காத்துல எதையும் ஒரு வாரம் அப்படியே விட முடியாது.”

“அதுக்கு நீங்க அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போங்களேன். அவனை விட நீங்க நல்லாப் பார்ப்பீங்க.”

“நான் வரமாட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க ஒண்ணும் இல்ல.”

அப்போது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. கதவில் சாய்ந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

“துரு எல்லாம் இல்ல சார்,” என்றான் உரிமையாளரிடம். “பட்டன் முதல்ல இருந்தே வேலை செஞ்சுது. நான்தான் வரலன்னு பொய் சொன்னேன்.”

உரிமையாளர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “நாளன்னிக்கு செஷன் இருக்குது. டேப் மாட்ட ஆள் வேணும். அது முடிஞ்சதும் நீ கிளம்பு,” என்றார். சத்தம் போடவில்லை. எழுந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். “எதுக்கு இப்பச் சொன்ன?”

“உன்கிட்ட நான் பிச்சை கேட்டேனா? எனக்காக நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்.”

“உனக்காகச் சொல்லல.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.”

மறுநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போகவில்லை. நான் போனால் வேறு ஒருத்தன் வந்து கட்டுவான். மிச்சம் இருந்தது ரெகார்ட். இதுதான் ஆபத்தான பாகம். இருபத்துநான்கு தடங்களில் எதில் பதிவாக வேண்டும் என்று கன்சோலில் தேர்ந்தெடுத்தால், மெஷினில் அதே தடத்துக்கு மேல் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஒன்று தவறினாலும், ஏற்கெனவே பாடி வைத்த ஒரு குரலின் மேல் வேறு ஏதாவது ஏறி, அது அழிந்துபோகும். திரும்பக் கிடைக்காது. இதையும் மெஷின் அறையில் இருப்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் இன்டர்காம் பொத்தானை அழுத்தினேன். “இதுல விளையாடாத.”

“ரெகார்ட்ல நான் பொய் சொல்ல மாட்டேன். அடுத்தவன் பாட்டு அது,” என்றான்.

ஒவ்வொரு தடமாகப் போனோம். நான் எண்ணைச் சொல்வேன், அவன் எரிகிற விளக்கின் எண்ணைச் சொல்வான். எண்களைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒரு இடத்தில், நான் பன்னிரண்டு என்றதற்கு அவன் பதினொன்று என்றான். எனக்குச் சந்தேகம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பதினொன்றுதான் எரிந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. போய்க் கம்பியை மாற்றிவிட்டு வந்து தொடர்ந்தேன். கடைசியில் பட்டன் விளக்குகளுக்கு ரெசிஸ்டர் போட்டு, டேப் எவ்வளவு ஓடியது என்று காட்டும் கவுண்ட்டரைச் சரிசெய்து முடித்தேன். ப்ளே அழுத்தினால் பச்சை எரிந்தது. ரெகார்டும் ப்ளேயும் சேர்த்து அழுத்தினால் சிவப்பு. இனிமேல் யார் வாயையும் நம்ப வேண்டியதில்லை.

செஷனுக்குப் பாட்டுக் குழு வந்தது. ஒரு பெண் பாட, இரண்டு பேர் கிட்டார், ஒருவர் டிரம்ஸ். உரிமையாளர் புதுச் சட்டை போட்டுக் கன்சோல் முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மச்சான் காலையிலேயே வந்து ஹெட்டைத் துடைத்து, டேப்பை மாட்டி, மெஷின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கண்ட்ரோல் ரூமின் பின்சுவர் ஓரமாக வந்து நின்றான்.

எல்லாம் நன்றாக வேலை செய்தது. நான் கட்டியது எதுவும் பிசகவில்லை. உரிமையாளர் ப்ளே, ரெகார்ட் என்று தானே அழுத்தினார். பாட்டு முடிந்ததும் ரீவைண்ட் செய்து போட்டுக் காட்டினார். தேவையில்லாத இடத்தில்கூட முன்னும் பின்னும் ஓட்டினார். “பாருங்க, மெஷின் ரூமுக்குள்ள ஆளே இல்ல,” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் கை தட்டினாள். கிட்டார்க்காரர்களும் தட்டினார்கள். இப்படிக் கை தட்டினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், வழக்கமாக. அன்று என் காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

இடைவேளையில் வெளியே போனேன். அவன் பைக்கில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சொந்தமாக வாங்கிய ஹெட்போன், ஸ்பிரிட் பாட்டில், திருப்புளிகள்.

“எங்க போற?” என்றேன்.

“உனக்கு எதுக்கு?”

“புதுச்சேரியில எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோ ஒண்ணு இருக்குது. சொல்லட்டுமா?”

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். “உன் பேரைச் சொல்லி ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். வேலை கேட்கவா?”

“கோபத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?”

“உன்ன மாதிரி எல்லாத்தையும் கட்டி முடிச்சுட்டுக் கிளம்பிப் போக எனக்குத் தெரியாது. நான் இப்படித்தான்.” பைக்கை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தான். நான் தள்ளிவிடப் போனேன். “தொடாத,” என்றான். தானே தள்ளிக்கொண்டு மண்பாதையில் ஓடி, கிளப்பிக்கொண்டு போனான். உப்புக் கூடையோடு வந்த பெண்கள் அவனுக்கு வழிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் சாயங்காலம் பஸ் ஏறினேன். உரிமையாளர் கேட் வரைகூட வரவில்லை. பஸ் பெருமுக்கல் தாண்டும்வரை அவனோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாம் பஸ்ஸில்தான் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். வாய் முணுமுணுத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பகல் முழுக்க என்னோடு இருந்த மகளை அழைத்துப்போக அவள் அம்மா வந்தபோது, வாசலில் நின்றபடியே சொன்னேன். “உன் தம்பியைப் பார்த்தேன்.”

அவள் மகளுக்குச் செருப்பைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “எங்க?”

“மரக்காணத்துல. ஸ்டுடியோவுல இருந்தான். இப்ப அந்த வேலை போயிடுச்சு.”

“எப்படிப் போச்சு?”

நடந்ததைச் சொன்னேன். நான் கட்டிய பட்டன்களால்தான் என்பதையும் சொன்னேன். அவள் முகத்தில் வழக்கமாக எனக்காக வைத்திருக்கும் அலட்சியம்தான் இருந்தது. “உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூமுக்குள்ள வேலை செய்யக்கூடத் தெரியல,” என்றாள். “எப்படி இருக்கான்?”

“கோபமா இருக்கான்.”

“அது எப்பவும் இருக்கிறதுதான். உடம்பு எப்படி இருக்குது?”

“இளைச்சுட்டான். தாடி வச்சிருக்கான்.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

சில நாட்கள் கழித்து மத்தியானம் ஒரு போன் வந்தது. தெரியாத எண். எடுத்ததும் மூச்சுவிடாமல் திட்ட ஆரம்பித்தான். அவனுடைய குரல்தான். வேலை போனதை அக்காவிடம் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டான். அவள் போன் செய்து, வேலை போனால் என் வீட்டுக்கு வரவேண்டியதுதானே என்று சத்தம் போட்டிருக்கிறாள். இவன் பதிலுக்கு, இத்தனை வருஷம் போனை எடுக்காதவள் இப்போது எதற்குப் பேசுகிறாய் என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேரும் வெகுநேரம் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் அவள் போனைத் துண்டித்திருக்கிறாள். மறுநாளும் அவளே கூப்பிட்டுச் சண்டையைத் தொடர்ந்திருக்கிறாள்.

“எங்க குடும்ப விஷயத்துல நீ யாருய்யா நுழையறதுக்கு?” என்றான்.

“நான் நுழையல. கேட்டா, சொன்னேன்.”

“அவ கேட்டாளா?”

“எப்படி இருக்கான்னு கேட்டா.”

பின்னால் ஏதோ மேளமும் மைக் சோதிக்கும் குரலும் கேட்டன. ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரோடு கல்யாண மண்டபங்களுக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், அதையும் அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம் என்றும் சொன்னான். பிறகு விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினான். கோர்ட் வாசல், கனெக்டர், நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த விதம், எதையும் விடவில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கையில் இருந்த பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். நடுவில் இரண்டு தடவை நானும் பதிலுக்குத் திட்டினேன். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “வர்றேன்,” என்று அவர்களிடம் கத்திவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.